இருட்டில் முடிந்த சங்கீதம்

வேதப் புத்தகத்துக்குள் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது என்று எனக்கு முப்பது வயதாகும் வரை யாரும் சொல்லவில்லை. குழந்தையில் ஞானஸ்நானம், விவரம் தெரிந்ததும் முதல் நற்கருணை வாங்குகிற புது நன்மை, ஞாயிறு தவறாமல் பூசை, தினமும் சாயங்காலம் செபமாலை என்று வளர்ந்தவள் நான். வேதத்தில் சங்கீதங்கள் என்று ஒரு பகுதி உண்டு. பழைய யூத ஜனங்கள் எபிரேய மொழியில் கடவுளைப் பார்த்துப் பாடிய பாட்டுகள் அவை. பூசையில் அவற்றிலிருந்து நாலைந்து அடிகள் எடுத்துப் பாடுவோம். அழுகையில் தொடங்கினாலும் எல்லாம் கடைசியில் புகழ்ச்சியாகத்தான் முடியும். தப்பித்தவறி முடியாவிட்டாலும் நாங்கள் விடமாட்டோம். பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை என்று ஒட்டுப்போட்டு முடித்துவிட்டுத்தான் உட்காருவோம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்கால மாலையில், பாலக்கரையில் எங்கள் கோயிலை ஒட்டிய சின்ன அறையில் அந்தப் பாட்டை முதன்முதலாகக் கேட்டேன். கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த அதிர்ச்சி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் ஆடி மாதக் காற்று அடிக்கும்போது அக்காவின் மகள் இறந்துபோனாள். ஏழு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து தலைவலி என்று வந்து படுத்தாள். மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோடை லீவில் முக்கொம்பு அணைக்குப் போய் ஷட்டரில் விழுகிற தண்ணீரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு நின்ற பிள்ளை. ஒரே பிள்ளை. அத்தான் ரயில்வேயில் வேலை பார்த்தார். பகலெல்லாம் குவார்ட்டர்ஸில் தனியாகக் கிடந்தால் ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயந்து, அக்காவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அக்காதான் எங்கள் கோயிலில் சங்கீதம் பாடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை வாசக மேடையில் ஏறி அவள் ஓர் அடி பாடினால் ஜனம் முழுக்க வாங்கிப் பாடும். அவள் குரலைக் கேட்கவே பக்கத்துப் பங்குக் கோயிலிலிருந்து வருகிறவர்கள் உண்டு. பிள்ளையை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அவள் பாடவில்லை. பேசவுமில்லை என்றே சொல்லலாம். தட்டில் சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருப்பாள். நாளுக்கு நாள் வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இப்படியே போனால் இவளையும் கொண்டுபோய்ப் பிள்ளை பக்கத்தில் வைக்க வேண்டியதுதான் என்று பயந்தேன்.

இதில் எங்கள் அம்மாவின் சட்டம் வேறு. அம்மா அழவிட மாட்டாள். அக்கா கண் கலங்கினால் போதும், "சேசு மரி சூசை! அழுவாத. குடுத்தவரு எடுத்துக்கிட்டாரு. நீ அழுதா புள்ளையோட ஆத்துமா தவிக்கும். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு" என்று செபமாலையைக் கையில் திணிப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்து, ஆண்டவர் தோட்டத்துக்கு ஒரு பூ குறைந்தது, பறித்துக்கொண்டார் என்று ஆறுதல் சொல்வார்கள். அவருக்கு இந்த ஒரு பூதானா கிடைத்தது, ஊரில் வேறு தோட்டமே இல்லையா என்று ஒருநாள் நான் கேட்டுவிட்டேன். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். கணக்கு டீச்சருக்கு அது ஒரு தகுதிதான், ஆனால் வீட்டில் அது எடுபடவில்லை. அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான், செத்தவர்களுக்காக நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குப் புதுப் பாட்டுகள் தயார் பண்ண வேண்டும் என்று எங்கள் ஃபாதர் ஒரு சின்னக் குழுவைக் கூட்டினார். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பாட்டுக்குப் பஞ்சம். ஃபாதர் வெளிநாட்டில் போய் எபிரேயம் படித்துவிட்டு வந்தவர். நாற்பது வயதிருக்கும். மூலத்திலிருந்தே சங்கீதத்தை எடுத்துப் பாடும் தமிழில் வார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ராகம் போடுவதற்கு ஆர்மோனியக்காரர் ஒருவர், பகலில் தபாலாபீஸ் குமாஸ்தா. ஸ்டென்சிலில் எழுதி சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுக்க, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான்.

பாட்டெழுத ஆள் தேவைப்பட்டது. என்னோடு வேலை பார்த்த தமிழ் ஐயாவை நான்தான் அழைத்துப் போனேன். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றி நிறைய நாமம், தோளில் ஜோல்னாப் பை. வைஷ்ணவர் வந்து நமக்கு வேதப்பாட்டு எழுதுவதா என்று பங்கில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். தமிழ் நன்றாக இருந்தால் ஆண்டவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று ஃபாதர் அவர்கள் வாயை அடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் ஐயா என்னோடு நடந்து வருவார். கூட்டம் முடிந்ததும் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்துக் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

முதல் நாளே ஐயாவுக்கு அதிர்ச்சி. ஃபாதர் ஒரு சங்கீதத்தை எபிரேயத்தில் வாசித்துப் பொருள் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப் போனது.

"எதுகை இல்லை, மோனை இல்லை, அடிக்கணக்கும் புரியலை. இதை எப்படி ஃபாதர் பாட்டுங்கறேள்?"

ஃபாதர் கரும்பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு அதை நடுவில் வெட்டினார். "ஒவ்வொரு அடியும் ரெண்டு துண்டுங்க, ஐயா. முதல் துண்டுல ஒரு சங்கதியைச் சொல்வாங்க. ரெண்டாவது துண்டுல அதையே வேற வார்த்தையில திரும்பச் சொல்வாங்க. நம்ம பாட்டுல எழுத்து ஒத்துப் போகும், இவங்க பாட்டுல பொருள் ஒத்துப் போகும். அதுதான் இவங்க எதுகை."

"ஒரே விஷயத்தை எதுக்கு ரெண்டு தரம் சொல்லணும்?"

"ஒரேதானான்னு கவனிச்சுப் பாருங்க. 'என் கண் கலங்குது' என்பாங்க. அடுத்தது, 'என் எலும்பு உருகுது'. ரெண்டாவது துண்டு எப்பவும் ஒரு படி உள்ளே இறங்கும். கொள்ளிடத்துல இறங்குறப்ப முதல்ல முழங்கால், அப்புறம் இடுப்பு. அந்த மாதிரி."

ஐயா, "எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு சாவு விழுந்தா ஒப்பாரி கேக்கும். அதுவும் இப்படித்தான், சொன்னதையே சொல்லிச் சொல்லிக் கீழே இறங்கும்" என்றார். அப்போதே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எனக்குக்கூட ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமாக இவற்றைப் பாடுகிறோம், ஏன் எல்லாவற்றையும் இரட்டை இரட்டையாகச் சொல்கிறார்கள் என்று ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஃபாதர் புலம்பல் சங்கீதங்களின் கட்டுமானத்தைச் சொன்னார். முதலில் ஆண்டவரைக் கூப்பிடுவது. அப்புறம் முறையிடுவது. அப்புறம் கெஞ்சுவது. அப்புறம் 'ஆனாலும்' என்று ஒரு திருப்பம் வரும். அந்தத் திருப்பத்துக்குப் பிறகு நன்றியும் புகழ்ச்சியும். ஐயாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. "எங்களவாளும் அப்படித்தான். எவ்வளவு உருகினாலும் கடைசிப் பாசுரத்துல, இதைச் சொல்றவாளுக்கு இன்ன நன்மைன்னு மங்களமா முடிச்சுடுவா" என்றார். நான் உள்ளுக்குள் புகைந்தேன். எல்லோரும் சேர்ந்து என் அக்காவிடம் கேட்பதும் அதைத்தானே. முறையிட்டது போதும், அந்த 'ஆனாலும்' எங்கே என்கிறார்கள்.

மூன்றாவது வாரம்தான் ஃபாதர் அந்தப் பாட்டைக் கொண்டுவந்தார். கல்லறைத் திருநாள் சாயங்காலச் செபத்துக்கு இதைத்தான் பாட வேண்டும் என்றார்.

கரும்பலகையில் மூன்று கோடு இழுத்தார். பாடுகிறவன் மூன்று தரம் ஆண்டவரைக் கூப்பிடுகிறான். ராவும் பகலும் கூப்பிடுகிறேன் என்பது முதல் தடவை. தினந்தோறும் கை நீட்டுகிறேன் என்பது இரண்டாவது. விடிவதற்கு முன்னாலேயே என் செபம் உம் வாசலுக்கு வந்து நிற்கிறது என்பது மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் பதில் வரும் என்று பார்க்கிறோம். வருவதில்லை. திரும்ப முறையீடுதான் வருகிறது. அதுவும் சும்மா முறையீடு இல்லை, நேருக்கு நேர் குற்றச்சாட்டு. குழியில் போட்டது நீர். அலை அலையாக என் மேல் விட்டது நீர். கூட இருந்தவர்களை என்னைப் பார்த்து அருவருக்க வைத்தது நீர். நடுவில் வரிசையாகக் கேள்விகள். செத்தவர்கள் எழுந்து வந்து உம்மைப் புகழ்வார்களா? புதைகுழிக்குள் உட்கார்ந்துகொண்டு உம்முடைய அன்பைப் பற்றி யார் பேசுவது? படித்த எனக்கே அந்தக் குத்தல் சுருக்கென்றது. சாமியிடம் இப்படிக்கூடப் பேசலாமா?

ஃபாதர் கடைசி அடிக்கு வந்தார். உற்றாரையும் தோழரையும் என்னை விட்டுத் தூர விலக்கினீர் என்று சொல்லி, அதன் பிறகு ஒரு சொல். இருட்டு. அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

ஆர்மோனியக்காரர் துருத்தி மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"மீதி?" என்றார் ஐயா.

"மீதி கிடையாதுங்க."

"அதெப்படி? திருப்பம் எங்கே? 'ஆனாலும்' எங்கே?"

"இதுல அது வரல."

ஐயா பதறிப்போய் எழுந்தேவிட்டார். "கடைசி ஏட்டைச் செல்லரிச்சிருக்கும், ஃபாதர். எழுதினவன் இப்படி விட்டிருக்கவே மாட்டான். அமங்கலச் சொல்லோட எவனாவது பாட்டை முடிப்பானோ?"

"எந்தப் பழைய பிரதியைப் பார்த்தாலும் இப்படித்தாங்க இருக்கு. எபிரேயத்துல கடைசி வார்த்தையே இருட்டுதான். சேர்த்து வெச்சவங்க தெரிஞ்சேதான் சேர்த்திருக்காங்க."

அக்கா மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேனோ, அம்மா எதைச் சொல்லவிடாமல் வாயைப் பொத்தினாளோ, அது அட்சரம் பிசகாமல் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைச் செபம் என்று வைத்திருக்கிறார்கள். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில், யாரைக் கோபித்துக்கொள்வது என்றே புரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அக்கா அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மூன்று கூப்பாடு, பதிலில்லாதது, கேள்விகள், கடைசிச் சொல். அவள் கை நின்றது.

"இது வேதத்துலயா இருக்கு?"

அவள் என்னோடு பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. தலையை ஆட்டினேன்.

"அப்புறம் என்ன வருது?"

"ஒண்ணும் வரலக்கா. அத்தோட முடிஞ்சிடுது. அடுத்தது வேற பாட்டு."

"இன்னொரு தரம் சொல்லு."

திரும்பச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வேலை முடிந்து வந்திருந்த அத்தான்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மறு வெள்ளிக்கிழமை ஐயா பாட்டோடு வந்தார். ஐயா ஐயாதான். அந்த இரட்டை நடையை அப்படியே தமிழில் இறக்கியிருந்தார். கடைசி அடியை, 'சுற்றமும் தூரம், தோழரும் தூரம். துணையென இருப்பது இருட்டு' என்று போட்டிருந்தார். கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. கீழே இடம் விட்டு நாலு அடி சேர்த்திருந்தார். இருள் விடியும், இடர் முடியும், இதைப் பாடுகிறவர்களுக்கு எக்குறையும் வராது என்று எதுகையும் மோனையும் சொட்டச் சொட்ட ஒரு மங்களம்.

"மன்னிச்சுக்கணும். ஒரு வாரமா தூக்கமில்லை. எங்காத்துல இப்படி ஒரு சொல்லோட நிறுத்திட்டு எழுந்துக்க மாட்டா. என்னால முடியலை" என்றார். உண்மையிலேயே கண் சிவந்திருந்தது.

ஆர்மோனியக்காரருக்கு ஏகப்பட்ட நிம்மதி. அந்த நாலு அடிக்கு உடனே ஒரு குதிக்கிற ராகத்தை வாசித்துக் காட்டினார். நான் குதித்தேன், வேறு விதமாக. வேதத்தில் இல்லாததை ஒட்டவைக்க நாம் யார் என்று கேட்டேன். ஃபாதர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"டீச்சர், நீங்க சொல்றது எனக்கும் தெரியுது. ஆனா கோயில்ல வயசானவங்க இருப்பாங்க. இந்த வருஷம் சாவு கண்ட வீட்டுக்காரங்க எல்லாம் வந்திருப்பாங்க. இருட்டுல கொண்டுபோய் நிறுத்திட்டுப் போங்கன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவரும் மனிதர்தானே, பயம் இருக்கும். ஓட்டு மூன்றுக்கு ஒன்று. அந்த நாலு அடியை ஸ்டென்சிலில் வெட்டும்போது எழுத்தாணி தாளைக் கிழித்துவிடாமல் இருந்தது என் நல்ல காலம்.

பாட யார் என்று பேச்சு வந்ததும், அக்காவைக் கேட்டுப் பாருங்கள் என்று அம்மாவே ஃபாதரிடம் சொல்லியிருக்கிறாள். தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அடிப்பகுதியை மட்டும் படித்தாள் அம்மா. "நல்லா முடியுது பாரு. பாடினா மனசு ஆறும்" என்றாள். அக்கா ஒரு தடைகூடச் சொல்லாமல் சரி என்றாள். எனக்கு அதுவும் ஓர் அதிர்ச்சி. எல்லோரும் சேர்ந்து கடைசியில் இவளையும் மடக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கல்லறைத் திருநாளன்று மத்தியானம் வரைக்கும் மழை. சாயங்காலம் கொஞ்சம் வெறித்தது. கோயில் நிரம்பி வழிந்தது. எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி, செவ்வந்திப் பூ, ஈரக் குடை. செபம் முடிந்ததும் பவனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பு. ஐயாவும் வந்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், கதவோரமாகக் கைகட்டி நின்றார். தன் பாட்டைக் கேட்கிற ஆசை யாருக்குத்தான் இருக்காது.

அக்கா மேடையேறினாள். வெள்ளைப் புடவை தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். முன்பு இருந்த இழைப்பு இல்லை, கொஞ்சம் உடைந்திருந்தது. முதல் கூப்பாடு. இரண்டாவது. ஜனம் இருமக்கூட மறந்து உட்கார்ந்திருந்தது. புதைகுழிக்குள் யார் பேசுவது என்ற கேள்வி வந்தபோது எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது கூப்பாடு. பிறகு, துணையென இருப்பது இருட்டு.

அங்கே நிறுத்தினாள்.

ஆர்மோனியக்காரர் மங்களத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தார். அக்கா வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டாளாக்கும் என்று இன்னொரு முறை வாசித்தார். அவள் தாளை மடித்தாள். மடித்து, எட்டி அவருடைய ஆர்மோனியத் துருத்தியின் மேல் வைத்தாள். அவர் கையை எடுத்தார், காற்று உஸ்ஸென்று இறங்கியது.

பாடகர் குழுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். மகிமை சொல்ல வேண்டிய ஃபாதர் வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றார். அக்கா மேடையை விட்டு இறங்கவுமில்லை. அத்தனை பேருக்கும் முன்னால், ஒட்டுப்போடாத அந்தப் பாட்டோடு தனியாக நின்றாள். யாராவது ஏதாவது செய்யமாட்டார்களா என்று என் நெஞ்சு கத்தியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கனத்த ஆண் குரல். "சுற்றமும் தூரம், தோழரும் தூரம், துணையென இருப்பது இருட்டு."

திரும்பிப் பார்த்தேன். தமிழ் ஐயா. கண்ணை மூடிக்கொண்டு, பெருமாள் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சொல்கிற அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னார். முடிக்கிற அடியை இரண்டு தரம் சொல்லித்தான் முடிப்பார்களாம் அவர்கள் சம்பிரதாயத்தில். "அந்தம்மா நிறுத்தின விதத்துல அதுதான் முடிவுன்னு புரிஞ்சுடுத்து, டீச்சர். வாய் தானா சொல்லிடுத்து" என்று பின்னால் என்னிடம் சொன்னார். தான் எழுதிய மங்களம் போன வருத்தம் அவர் பேச்சில் துளியும் இல்லை.

அவர் பழக்கம் அது. எங்கள் ஜனத்தின் பழக்கம் வேறு. கோயிலுக்குள் ஒரு குரல் ஓர் அடியைச் சொன்னால் எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எங்களைப் பழக்கி வைத்திருந்தார்கள். என்ன அடி, யார் சொன்னது என்றெல்லாம் பார்க்க மாட்டோம். கடைசி பெஞ்சு முதலில் பிடித்துக்கொண்டது. பிறகு நடுப் பெஞ்சுகள். பிறகு கோயில் முழுக்க, இழுத்து இழுத்து, அருள் நிறைந்த மரியே சொல்கிற அதே இராகத்தில், துணையென இருப்பது இருட்டு என்றது.

தெரியாமல்தான் தொடங்கினார்கள். ஆனால் வார்த்தை வாய்க்குள் போனதும் என்னவோ ஆகிவிட்டது. பாதி அடியில் ஒரு பெண் தேம்பினாள். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் தோள் குலுங்கியது. எனக்கு இடப்பக்கம் எல்லாவற்றையும்விடச் சத்தமாக ஒரு குரல் கேட்டது. அது அம்மாவின் குரல்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

ஃபாதர் மகிமை சொல்லவில்லை. வெறுமனே சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் மெழுகுவர்த்திகளை ஏற்றிக்கொண்டு சேற்றில் பின்னால் போனோம். அக்கா இறங்கி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். அவளைத் திட்டுவாள் அம்மா என்று காத்துக்கொண்டே வந்தேன். அம்மா வாயே திறக்கவில்லை.

பிள்ளையின் கல்லறையில் அத்தான் பூ வைத்துக்கொண்டிருந்தார். அக்கா மண்டியிட்டாள். அம்மா அங்கே நிற்கவில்லை. எங்களைத் தாண்டி, வரிசை வரிசையான சிலுவைகளைத் தாண்டி, தோட்டத்தின் கோடிக்கு, மதில் ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள். அங்கே கல்லறையே கிடையாது. எருக்கஞ்செடியும் உடைந்த பூந்தொட்டியும்தான். வயதானவள் சேற்றில் விழுந்துவைக்கப் போகிறாள் என்று நான் பின்னால் ஓடினேன். அக்காவும் வந்தாள்.

அம்மா வெறும் தரையில் குந்தி, இரண்டு மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தாள். ஈர மண்ணில் அவை நிற்காமல் சாய்ந்தன. திரும்பத் திரும்ப ஊன்றினாள்.

"இங்க யாரும்மா இருக்காங்க?" என்றேன்.

"இவளுக்கு முன்னாடி ஒரு பையன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பொண்ணு."

முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். எங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தான், இன்னொரு அக்கா இருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

"ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள போயிட்டாங்க" என்றாள் அம்மா. குரல் கணக்குச் சொல்வதுபோல் இருந்தது. "அப்ப இருந்த சாமியாரு, அப்படிப் போனா மந்திரிச்ச மண்ணுல வைக்கக் கூடாது, மதிலோரம்தான்னாரு. பூசை கிடையாது. பேரும் வைக்கல. வீட்டுல பெரியவங்க, இதுக்கெல்லாம் அழுவக் கூடாது, சாமி குத்தம்னாங்க. நான் அழல. ரெண்டு தரமும் அழல. மறுநாளே எழுந்து சோறு வடிச்சேன். அப்படித்தான் இருக்கணும்னு நெனைச்சேன். அதான் உன்னையும்..."

அக்காவைப் பார்த்து வாய் மட்டும் அசைந்தது.

எத்தனை கோபப்பட்டேன் இவள் மேல். கல் நெஞ்சு என்று அத்தானிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாய்ந்து கிடந்த மெழுகுவர்த்திகளை எடுத்து, மண்ணைக் கையால் அணைத்துக் கெட்டியாக்கி ஊன்றி, தன் கையில் இருந்ததிலிருந்து இரண்டையும் கொளுத்தினாள். பிறகு முந்தானையை இழுத்து அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை, காய்ந்துதான் இருந்தது.

"அழுங்கம்மா" என்றாள். "இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."